மடுவைக் காத்தால் மீன் தங்கும்: அருவி ஆற்றில் மீனையும் முள்ளந்தண்டிலிகளையும் பேணும் முறை

அருவி ஆறு 164 கி.மீ. நீளமுடையது, மகாவலிக்கு அடுத்ததாக இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. றிட்டிகல மலைப்பகுதியில் தோன்றி, மல்வத்து ஓயா என்ற பெயரோடு அநுராதபுரத்தைக் கடந்து, வன்னியின் தென்மேற்குக் காடுகளுக்கூடாக மன்னார் மாவட்டத்துக்குள் வந்து, அரிப்புக்கு அருகே கடலைச் சேர்கிறது. மாரியில் இரு கரையையும் மேவி ஓடும் இந்த ஆறு ஆவணி, புரட்டாதி மாதங்களில் பல இடங்களில் வெறும் மணற்படுகையாகிவிடும். அந்த மணலுக்கிடையில் ஆங்காங்கே ஆழமாக நீர் தேங்கிக் கிடக்கும் மடுக்களில்தான் அடுத்த ஆண்டின் மீன் முழுவதும் ஒதுங்கியிருக்கும். வன்னியின் மற்றைய ஆறுகளான கனகராயன் ஆறு, பறங்கி ஆறு, பாலி ஆறு, பேராறு ஆகியவற்றின் இயல்பும் இதுவே. அளவு மட்டுமே வேறு.

ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகளுக்காக எழுதப்பட்ட மீன்வள முகாமைத்துவ அறிவுரைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தினால் பெரும்பகுதி பயன்படாது. நமது ஆற்றில் மீன்வளத்தின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: கோடையின் கடைசி ஆறு வாரங்களில் மடுக்களில் எவ்வளவு உயிர் எஞ்சுகிறது என்பதும், முதல் வெள்ளம் வரும்போது அந்த உயிர்கள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடையின்றிச் செல்ல முடிகிறதா என்பதும். நன்னீர் மீன்பிடிச் சங்கத்தினரும் கமக்கார அமைப்பினரும் ஆற்றங்கரைப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் ஒன்றுசேர்ந்து செய்யக்கூடிய வேலைகளை இவ்விரண்டையும் மையமாக வைத்தே இங்கு விளக்குகிறேன்.

ஆற்றின் ஆண்டு

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கி ஆறு கலங்கிப் பெருகும்போது, விரால், குறவை, கெளிறு, கெண்டை ஆகியவை ஆழமான நீரைவிட்டு, ஓரத்துப் புல்வெளிகளுக்கும் வில்லுகள் எனப்படும் ஆற்றோரச் சதுப்புத் தேக்கங்களுக்கும் வெள்ளம் ஏறிய வயல்களுக்கும் செல்கின்றன. ஆழமற்ற, புல் நிறைந்த, மெல்லிய ஓட்டமுள்ள அந்த நீரில்தான் அவை முட்டையிடுகின்றன. வாளையும் வெள்ளத்தோடுதான் இனம்பெருக்கும். அதே நாட்களில் நன்னீரின் பெரிய இறால் முட்டை சுமந்தபடி கழிமுகம் நோக்கிக் கீழிறங்குகிறது. பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்த விலாங்கு, இனம்பெருக்கக் கடலை நோக்கிப் புறப்படுகிறது; அது திரும்பி வருவதில்லை, அதன் குஞ்சுகளே நூல்போன்ற உடலோடு ஆற்றுவாயில் நுழைந்து மேலேறும். கொடுவாவின் குஞ்சுகளும் மணலை, திரளிக் குஞ்சுகளும் கடற்பக்கத்திலிருந்து உள்ளே வரும்.

தை, மாசியில் நீர் வடியத் தொடங்கும்போது, பக்கநீரில் பொரித்து வளர்ந்த குஞ்சுகள் பிரதான ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் வழி பலருடைய கண்ணில் படுவதேயில்லை. வயலோரத்தில் ஒரு வரம்பை உயர்த்திக் கட்டியதாலும், பாதை போடும்போது மதகின் குழாயை ஆற்றுமட்டத்துக்கு மேலே வைத்ததாலும், ஆயிரக்கணக்கான குஞ்சுகள் குட்டைகளில் சிக்கிக் கொக்குக்கும் வெயிலுக்கும் இரையாகின்றன. சித்திரையில் பெய்யும் சிறுமழை சில நாட்கள் மடுக்களை மீண்டும் இணைக்கும். அதன் பின்னர் ஆனி தொடங்கிச் சோளகக் காற்று நீரை உறிஞ்சும் காலம்.

உங்கள் ஊருக்கு எதிரேயுள்ள ஆற்றுத்துண்டுக்கு இந்த ஆண்டுச் சுற்றை முதலில் ஒரு பெரிய தாளில் எழுதுங்கள். எந்த மாதத்தில் எந்த மீன் எங்கே நிற்கும், எப்போது முட்டை சுமக்கும், எப்போது குஞ்சு தெரியும் என்பவற்றை ஊரின் முதிய மீன்பிடியாளரிடம் கேட்டு நிரப்புங்கள். இடப்பெயர்வுகளால் இந்த அறிவு ஒரு தலைமுறையில் அறுந்துபோன ஊர்கள் வன்னியில் உண்டு. எஞ்சியிருப்பவர்களிடம் இப்போதே கேட்டு எழுதாவிட்டால் பிறகு கேட்க ஆளிருக்காது.

மடுக்களைக் கணக்கெடுத்தல்

கணக்கெடுப்பை ஆண்டில் இருமுறை செய்ய வேண்டும்: நீர் வடிந்து மடுக்கள் தனித்தனியாகப் பிரியும் வைகாசி, ஆனியில் ஒருமுறையும், மிகக் குறைந்த நீருள்ள புரட்டாதியில் ஒருமுறையும். இரண்டாவது கணக்கெடுப்பில் நீர் வற்றாமல் எஞ்சியுள்ளவையே உண்மையான புகலிட மடுக்கள்.

நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழுவாகக் கரையோரம் நடந்து செல்லுங்கள். ஒவ்வொரு மடுவுக்கும் ஊரார் வழங்கும் பெயரையும், கைத்தொலைபேசி காட்டும் இடக்குறியையும், நீளம், அகலம், மிக ஆழமான இடத்தின் ஆழம் ஆகியவற்றையும் பதியுங்கள். ஆழத்தை அளக்க, பத்து செ.மீ. இடைவெளியில் வர்ணம் பூசிய நீண்ட மூங்கிற்கழி போதும். அதன் பின்னர் நிழலைக் குறியுங்கள்: மருதமரம் கவிந்துள்ளதா, வேர்கள் நீருக்குள் இறங்கியுள்ளனவா, அடியில் விழுந்த மரம் கிடக்கிறதா? மணலுக்குள்ளிருந்து ஊற்று நீர் சுரக்கிறதா என்பதையும் பாருங்கள். அதிகாலையில் பாதத்தை வைத்தால் சுரக்கும் இடத்தின் நீர் மற்றைய இடத்திலிருந்து வெப்பத்தில் வேறுபட்டிருக்கும். கடைசியாக, அந்த மடுவை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். குளிப்பவர்கள், மாடு நீர் குடிக்க விடுபவர்கள், நீர்ப்பம்பி வைத்து மேட்டுப்பயிருக்கு இறைப்பவர்கள் மட்டுமல்லாமல், இரவில் வரும் யானையும் கரடியும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு சொற்கள். அருவி ஆற்று மடுக்களில் முதலை உண்டு; நீர் குறையக் குறைய அவையும் அதே மடுக்களுக்கே ஒதுங்கும். ஆகவே ஆழத்தைத் தெப்பத்தில் அல்லது தோணியில் இருந்து அளக்க வேண்டும். இடுப்பளவு நீருக்குள் தனியாக எவரும் இறங்கக் கூடாது. முன்னைய போர்ப்பகுதிகளில் வெள்ளம் கரையை அரித்த இடங்களில் வெடிக்காத பொருட்கள் வெளிப்படக்கூடும் என்பதால், அறியாத இரும்புப் பொருளைத் தொடாமல் இடத்தைத் தொலைவிலிருந்து அடையாளமிட்டுப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லா மடுக்களையும் மூடிவிட முயல வேண்டாம். அது நடைமுறைக்கு ஒவ்வாது; மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் அதை ஏற்கவும் மாட்டா. ஆழமானவை, நிழலும் வேரும் உள்ளவை, ஊற்றுள்ளவை என மூன்று தன்மையும் கூடிய மடுக்களில், ஆற்றின் ஒவ்வொரு சில கிலோமீற்றருக்கும் ஒன்றேனும் வருமாறு தெரிவு செய்து, அவற்றில் ஆனி முதல் ஐப்பசியின் முதல் வெள்ளம் வடியும்வரை வலையோ தூண்டிலோ போடுவதில்லை எனச் சங்கக் கூட்டத்தில் தீர்மானியுங்கள். என் கருத்தில், பத்து மடுக்களில் மூன்றை உண்மையாகக் காப்பது பத்தையும் தாளில் மட்டும் காப்பதைவிட மேலானது. தெரிவு செய்யும்போது அம்மடுவை இதுவரை பயன்படுத்திய குடும்பங்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத கூட்டத்தில் எடுத்த முடிவு ஒரு மாதமும் தாங்காது.

நீர்ப்பம்பிதான் கடினமான விடயம். கச்சானும் மிளகாயும் மரக்கறியும் கோடையில் அந்த நீரை நம்பியே நிற்கின்றன. கமக்காரரிடம் இறைக்க வேண்டாமென்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் எதுவரை இறைக்கலாம் என்று பேசலாம். புகலிட மடுவின் ஆழமான இடத்தில் கழியொன்றை நிலையாக நட்டு, அடியிலிருந்து ஒன்றரை மீற்றரில் மஞ்சள் வர்ணமும் ஒரு மீற்றரில் சிவப்பு வர்ணமும் பூசுங்கள். மஞ்சளுக்கு நீர் இறங்கியதும் இரவில் மட்டும், முறைவைத்து இறைப்பது, சிவப்பில் நிறுத்திவிடுவது. பம்பியின் உறிஞ்சுகுழாய் வாயில் நுண்ணிய கம்பிவலைக் கூடை கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையேல் குஞ்சும் இறாலும் நீரோடு வயலுக்குப் போய்விடும்.

வெப்பம் கூடிய மடுவில் உயிர்வாயு குறையும். சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னர் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் அந்த மடு நெருக்கடியில் உள்ளது என்று பொருள். உடனே செய்யக்கூடியவை: மாடுகளை வேறிடத்துக்குத் திருப்புதல், அழுகும் இலைக்குவியலையும் படர்ந்த ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற நீர்க்களைகளையும் வாரிக் கரையில் போடுதல், இறைப்பை நிறுத்துதல். விரால், குறவை, பனையேறிக் கெண்டை ஆகியவை வளியைச் சுவாசிக்கக்கூடியவை, அவை தாக்குப்பிடிக்கும். முதலில் மடிபவை கெண்டையும் இறாலும்தான்.

எதை, எப்போது, எதனால் பிடிப்பது

நஞ்சு, வெடி, மயக்கமூட்டும் பொருள் ஆகியவற்றால் மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல்வளச் சட்டம் தடைசெய்கிறது. தங்கூசி (ஒற்றையிழை நைலோன்) வலைக்கும் தடை உண்டு. தங்கூசியைப் பற்றி நான் அழுத்திச் சொல்லக் காரணம், அது நீரில் மீனின் கண்ணுக்கே தெரிவதில்லை என்பது மட்டுமன்று. அறுந்து கிடக்கும் துண்டு உக்காமல் பல ஆண்டுகளுக்கு மீனையும் பாலாமையையும் நீர்நாயையும் மாட்டிக் கொன்றுகொண்டேயிருக்கும். கோடைக் கணக்கெடுப்பின்போது மருதவேர்களில் சிக்கியுள்ள பழைய வலைத்துண்டுகளை வெட்டி எடுத்து வருவதும் குழுவின் கடமையாக இருக்கட்டும்.

வலையின் கண்ணளவை, கண்ணை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுகளுக்கிடையில் அளக்க வேண்டும். நன்னீர் மீன்பிடியில் 8.5 செ.மீ., அதாவது ஏறக்குறைய மூன்றரை அங்குலம், என்பதே கீழெல்லையாகக் கொள்ளப்படும் அளவு. குளத்துத் திலாப்பியாவுக்கு அது பொருந்தும். ஆற்றில் சிறு கெண்டைகளைப் பிடிக்க விரும்புவோர் இதைவிடச் சிறிய கண்ணைக் கேட்பார்கள். அந்த விடயத்தைக் கடற்றொழில் உத்தியோகத்தரோடு பேசி, இடமும் மாதமும் வரையறுத்து முடிவு செய்ய வேண்டுமே தவிர, ஆளுக்காள் தாமாக முடிவு செய்யலாகாது.

சில மீன்களுக்குத் தனிக் கவனம் தேவை. விரால் தன் முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் மீன். செம்மஞ்சள் நிறக் குஞ்சுக்கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் தெரிந்தால், அதன் அடியில் தாயும் தந்தையும் நிற்கும். அந்த நேரத்தில் அவை தூண்டிலுக்கு எளிதில் அகப்படும் என்பதால்தான் அவற்றைப் பிடிக்கிறார்கள். ஆனால் பெற்றோரை இழந்த குஞ்சுக்கூட்டம் மற்றைய மீன்களின் வாய்க்கு ஒரே நாளில் போய்விடும். குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிப்பதில்லை என்பது எந்தச் சங்கமும் செலவின்றி உடனே கைக்கொள்ளக்கூடிய விதி.

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னர் பெண்ணாக மாறும். ஆகவே கழிமுகத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவாக்கள் அநேகமாக எல்லாமே பெண். அவற்றையே தேடிப் பிடித்தால் முட்டையிட மீன் இராது. சிறியதை விட்டுப் பெரியதைப் பிடிப்பது என்ற வழமையான விதி இந்த மீனுக்குத் தனியாகப் போதாது. மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் விட்டு, இடைப்பட்டதை எடுக்க வேண்டும். வாளை பெரிதாக வளரும் வேட்டைமீன். எங்கும் குறைந்து வருகிறது. மாரி வெள்ளத்தில் கலங்கலோடு ஏறிவரும் வாளையின் வயிற்றில் முட்டை இருக்கும் என்பதை எல்லோரும் அறிவர். கார்த்திகை முடியும்வரை அதை விட்டுவிடச் சந்தையில் வாங்குபவரும் உடன்பட வேண்டும். வாங்குபவர் இருக்கும்வரை பிடிப்பவரை மட்டும் நிறுத்த முடியாது.

முள்ளந்தண்டிலிகள்

மீனைக் காக்கப் புறப்படுபவர்களில் பெரும்பாலோர் மீனின் உணவையும் நீரைச் சுத்தம் செய்யும் உயிர்களையும் கணக்கில் எடுப்பதில்லை. மட்டி, இறால், நண்டு, பூச்சி போன்ற ஆற்றின் முள்ளந்தண்டிலிகளுக்கு இந்தக் கட்டுரையில் நீண்ட இடம் தருவது அதனாலேயே.

நன்னீர் மட்டி மணலிலும் சேற்றிலும் பாதி புதைந்திருந்து நீரை வடித்து உண்ணும். அதன் குடம்பி (இளம்பருவம்) வாழ்வதற்கு மீன் வேண்டும்: தாயிலிருந்து வெளிவந்த குடம்பிகள் மீனின் பூவிலோ (செவுளிலோ) செட்டையிலோ ஒட்டிச் சில வாரங்கள் வளர்ந்து, பின்னர் அடியில் விழுந்து தனி வாழ்வைத் தொடங்கும். மீனின் பயணத்தாலேயே மட்டி ஆற்றில் மேல்நோக்கிப் பரவுகிறது. மீன் ஏற முடியாத அணைக்கு மேலே முதிய மட்டி மட்டுமே இருந்து இளம் மட்டி இல்லாதிருந்தால், அங்கே மீனின் வழி அறுந்துவிட்டது என ஐயுறலாம். கோழித்தீவனத்துக்காகவும் சுண்ணாம்புக்காகவும் மட்டியை வாரும் இடங்களில், ஒரு படுகையில் ஒரு பகுதியையேனும் தொடாமல் விட வேண்டும். அது மெதுவாக வளரும் உயிர்.

பெரிய நன்னீர் இறாலின் முட்டை முதலில் செம்மஞ்சளாக இருந்து, பொரிக்கும் காலம் நெருங்கச் சாம்பல் நிறமாகும். பொரித்த குடம்பி உவர்நீரை அடைந்தாக வேண்டும். நன்னீரிலேயே நின்றுவிட்டால் சில நாட்களில் இறந்துவிடும். உவர்நீரில் பல நிலைகளைக் கடந்து இளம் இறாலான பின்னரே அது கரையோரமாக ஊர்ந்து மேலே வரும். ஆகவே முட்டை சுமந்த இறால் வலையில் பட்டால் அதை உயிரோடு விடுவதும், கழிமுகத்தின் கண்டற் பற்றைகளை வெட்டாதிருப்பதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

நன்னீர் நண்டு இதற்கு நேர்மாறானது. இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஏறத்தாழ எல்லாமே இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அவற்றுக்குக் கடல் தேவையில்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து சிறு நண்டாகவே வெளிவரும் குஞ்சுகளைத் தாய் வயிற்றுமடிப்பில் சுமந்து திரியும். தொலைவுக்குப் பரவ முடியாத உயிர் என்பதால், ஓர் ஓடையில் அழிந்தால் அந்த ஓடைக்கு அது எளிதில் திரும்பி வராது. கரைமண்ணில் வளை தோண்டி வாழும் அதற்கு, கரையைக் கொங்கிறீற்றால் மூடுவதைவிடக் கேடு வேறில்லை.

பூச்சிகளின் இளம் பருவங்கள் நீரின் தரத்தைச் சொல்லித்தரும். இதைப் பாடசாலை மாணவரைக் கொண்டு செய்யலாம். முழங்கால் அளவு ஓடும் நீரில், அத்தாங்கு (கைவலை) ஒன்றை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு சதுர மீற்றர் பரப்பின் கற்களையும் மணலையும் காலால் இரண்டு நிமிடம் கிளறுங்கள். அத்தாங்கில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் நீரோடு கொட்டி, உயிர்களை வகைபிரித்து எண்ணி, மீண்டும் ஆற்றில் விடுங்கள். வயிற்றின் இருபுறமும் பூக்களும் பின்னால் மெல்லிய இழைகளும் உள்ள ஒருநாள் பூச்சியின் இளம்பருவம், மணலையும் இலைத்துண்டையும் ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் புழு, பலவகைத் தும்பிகளின் இளம்பருவம் ஆகியவை நிறைந்திருந்தால் நீர் நலமாக உள்ளது. அவை மறைந்து, குருதிச் சிவப்புப் புழுக்களும் சேற்றுப்புழுக்களுமே தட்டை நிரப்பினால் உயிர்வாயு குறைந்து கழிவு கூடியிருக்கிறது. எத்தனை உயிர் என்பதைவிட எத்தனை வகை என்பதே முக்கியம். ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை செய்தால் மாற்றம் தெரியும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் தெரியாது.

அணையும் துருசும் வானும்

தேக்கம் அணையிலிருந்து கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் திருப்பப்படுகிறது. மன்னாரின் வயல்களுக்கு அது உயிர்நாடி. அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆயினும் எந்த அணைக்கும் கீழே மாரியில் மீன் திரண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏற முயன்று ஏற முடியாமல் நிற்கும் மீன் அது. அங்கே வீச்சுவலை வீசுவது பிடிப்பவருக்கு எளிது, ஆற்றுக்குப் பெரும் இழப்பு. அணையின் அடியிலிருந்து குறைந்தது நூறு மீற்றர் தூரத்துக்கு, குளம் வான் பாயும் (நிரம்பி வழியும்) காலம் முழுவதும் வலை வீசுவதில்லை என்று அறிவித்தல் பலகை நாட்டுங்கள்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தோடும் கமநல சேவை நிலையத்தோடும் பேசிப் பெறக்கூடியவை சில உள்ளன. வான்கதவை ஒரேயடியாக மூடாமல் படிப்படியாகப் பல மணிநேரத்தில் மூடினால், கீழே நிற்கும் மீன் மணலில் சிக்காமல் மடுவுக்கு இறங்க நேரம் கிடைக்கும். சிறிய அணைகளில் ஓர் ஓரமாகக் கற்களை அடுக்கிச் சாய்வான ஓடையாக்கினால் கெண்டையும் கெளிறும் ஏறும். அணை திருத்த வேலைக்குத் திட்டம் போடும்போதே இதைக் கேட்க வேண்டும், வேலை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. விலாங்குக் குஞ்சுக்கு அவ்வளவும் தேவையில்லை: ஈரமான, சொரசொரப்பான பரப்பிருந்தால் அது ஊர்ந்தே ஏறிவிடும். தடித்த தும்புக்கயிறுகளைப் பொறியியலாளரின் அனுமதியோடு நீர் கசியும் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டாற்கூட உதவும். ஆற்றுவாயைக் கோடையில் மணல் அடைத்துக்கொண்டால், அதைத் தனிப்பட்டவர்கள் நினைத்த நேரத்தில் வெட்டக் கூடாது. உவர்நீர் உள்ளே ஏறி நன்னீர்க் கிணறுகளைக் கெடுக்கவும், உள்ளே வளரும் குஞ்சுகள் ஒரே இரவில் வெளியே அடித்துச் செல்லப்படவும் இடமுண்டு.

மணல், மரம், மருந்து

கோடையில் படுகை மணலைத் தோண்டினால் ஊற்று வரும். மணல் நீரைச் சேமித்து வைத்து மடுக்களுக்கு மெல்லக் கசியவிடுகிறது. அந்த மணலை ஆழமாக அள்ளிச் சென்றால் நீர்மட்டம் இறங்கி, பக்கத்து மடு மட்டுமல்ல, கரையிலுள்ள கிணறும் வற்றும். உரிமம் பெற்ற மணல் அகழ்வாக இருந்தாலும், புகலிட மடுக்களின் பட்டியலையும் வரைபடத்தையும் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே ஒப்படைத்து, அவற்றுக்கு மேலும் கீழும் அகழ்வுக்கு அனுமதி வழங்க வேண்டாமென எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி முறைப்பாட்டுக்கு வலுவில்லை. தேதியிட்ட படமும் ஆழக்கணக்கும் இணைந்த கடிதத்துக்கு வலுவுண்டு.

மருதமரத்தின் வேர்க்கற்றைகளில் இறாலும் ஆராலும் பகலில் ஒளிந்திருக்கும். உதிரும் இலை பூச்சிகளுக்கு உணவாகும். நிழல் நீரைக் குளிர்விக்கும். விழுந்த மருதமரத்தை விறகுக்காக ஆற்றிலிருந்து இழுத்தெடுக்காமல் விடுவதும் மீன்வளப் பணியே.

வயலுக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லிகளில் பைரித்ரொயிட் வகையைச் சேர்ந்தவை மீனுக்கும் இறாலுக்கும் பூச்சிகளுக்கும் மிகச் சிறிய அளவிலேயே கொடியவை. தெளித்த பின்னர் வயல்நீரைச் சில நாட்களுக்கு வாய்க்காலுக்குத் திறக்காமல் மறித்துவைப்பதும், தெளிகருவியை ஆற்றிலோ வாய்க்காலிலோ கழுவாதிருப்பதும், வெறும் போத்தல்களைக் கரையில் வீசாதிருப்பதும் கமக்கார அமைப்பின் கூட்டங்களில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் திரும்பத் திரும்பப் பேசப்பட வேண்டியவை.

புதிய மீன் விடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திலாப்பியா 1950களில் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று குளங்களின் முதன்மை மீனாகிவிட்டது. ஏழைக் குடும்பங்களின் தட்டில் அது இருப்பதை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. மக்கள் நெக்டா என்றழைக்கும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் ஆலோசனையோடு குளங்களுக்குக் குஞ்சு விடுவதைத் தொடரலாம். ஆற்று மடுக்களுக்குள் விடுவதை மட்டும் தவிருங்கள்: ஏற்கெனவே நெருக்கடியிலுள்ள நீரில் கூடுதல் வாய்கள் சேரும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்த மீனை ஆற்றில் விடுவது இரக்கமன்று. அது உள்ளூர் மீனுக்குச் செய்யும் கொடுமை.

பதிவேடு

சங்கத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு பிடிநாளுக்கும் ஒரு வரி போதும்: தேதி, இடம், வலையின் கண்ணளவு, எத்தனை வலை, எந்த மீன், எத்தனை கிலோ. மொத்தக் கிலோவை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். எடுத்துக்காட்டாக, ஓர் இரவில் பத்து வலைக்கு இருபது கிலோ கிடைத்தால் ஒரு வலைக்கு இரண்டு கிலோ. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் இருபது வலைக்கு இருபத்துநான்கு கிலோ கிடைத்தால், மொத்தம் கூடியதுபோல் தோன்றினாலும் ஒரு வலைக்கு ஒன்று தசம் இரண்டு கிலோவே, மீன் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இருபது முப்பது விராலின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். சராசரி நீளம் ஆண்டுக்காண்டு சுருங்கினால், முதிர்ந்த மீன் ஆற்றில் எஞ்சவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. அந்த ஆண்டில் புகலிட மடுக்களைக் கூட்ட வேண்டும்.

மீன் செத்து மிதந்தால்

முதலில் எவை செத்துள்ளன, எவை உயிரோடுள்ளன என்று பாருங்கள். விடியற்காலையில் பெரிய கெண்டைகள் செத்து மிதக்க, விராலும் பனையேறியும் உயிரோடு திரிந்தால் பெரும்பாலும் உயிர்வாயுக் குறைவே காரணம். நாளின் எந்த நேரத்திலும், இறாலும் நண்டும் பூச்சிகளும் முதலில் மடிந்து, அதன் பின் எல்லா அளவு மீனும் வளியைச் சுவாசிக்கும் மீன் உட்பட மடிந்தால் நஞ்சு கலந்திருக்கிறது என ஐயுற வேண்டும். அந்த மீனை எவரும் உண்ணவோ விற்கவோ கூடாது; குளிப்பதையும் மாட்டுக்கு நீர் காட்டுவதையும் நிறுத்த வேண்டும்.

சுத்தமான கண்ணாடிப் போத்தல்களில் செத்த இடத்திலும் அதற்கு மேலேயும் கீழேயும் நீரைக் கழுத்துவரை நிரப்பி மூடி, வெளிச்சம் படாமல் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். புதிதாக இறந்த சில மீன்களை அலுமினியத் தாளில் சுற்றி அதே பெட்டியில் வையுங்கள். இடம், தேதி, நேரம் எழுதாத போத்தலுக்குப் பயனில்லை. கையுறை அணிந்தே தொட வேண்டும். கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நெக்டாவின் மாவட்ட உத்தியோகத்தர், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அலுவலகம் ஆகியோருக்கு அன்றே அறிவித்து, எவரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள். செத்த மீனைக் கரையிலிருந்து விலகி, கிணறுகளுக்குத் தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

அதன் பின்னர் அந்த ஆற்றுத்துண்டில் வலையை நிறுத்தி, ஒவ்வொரு மாதமும் அத்தாங்கால் கிளறிப் பாருங்கள். மேலேயுள்ள மடுக்கள் நலமாயிருந்தால், நீரோட்டத்தோடு ஒருநாள் பூச்சியின் இளம்பருவங்கள் முதலில் திரும்பும். பிறகு தும்பிகள், அதற்குப் பின் சிறு இறால். முன்னைய பதிவில் இருந்த வகைகளில் பெரும்பாலானவை தட்டில் மீண்டும் தெரிந்து, ஒரு மாரியும் கடந்த பிறகே அங்கு வலைபோட அனுமதியுங்கள்.